கருந்துளைக்கு விழும் உதை

2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் முதன்முதலாகப் பிடித்த, இரண்டு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பு அலையில், ஏறத்தாழ மூன்று சூரியன்களின் நிறை ஆற்றலாகக் கரைந்து போயிருந்தது. இத்தகைய அலை ஆற்றலோடு உந்தத்தையும் சுமந்து செல்கிறது. ஒரு பக்கம் அது கூடுதலாகப் போனால், சுட்டதும் துப்பாக்கி தோளில் இடிப்பதுபோல, இணைப்பில் உருவான புதிய கருந்துளை எதிர்ப்பக்கம் தள்ளப்படும். வெற்றிடத்தில் எதை உதைத்து அது நகர்கிறது என்று கேட்கலாம். அலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மொத்த உந்தம் மாறவே இல்லை.

சம நிறையும் தற்சுழற்சியின்மையும் கொண்ட ஜோடிக்கு உதை பூஜ்ஜியம். ஒன்று இலேசானால் அது வேகமாகச் சுற்றி, தான் போகும் திசையில் அலையைக் கூடுதலாக வீசும். அந்தத் திசையும் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளல் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. மிஞ்சுவது கடைசிச் சில சுற்றுகளிலும் மோதலிலும் பிறப்பதுதான். அந்தக் கணங்களைக் காகிதத்தில் தீர்க்க முடியாது. 2005-க்குப் பிறகு மீக்கணினிகள் தீர்த்தன. சுழற்சியில்லாவிட்டால் உதை நொடிக்குச் சுமார் 175 கி.மீ.யைத் தாண்டாது, சுழல் அச்சுகள் சுற்றுத்தளத்தில் எதிரெதிராகப் படுத்திருந்தால் 4,000 கி.மீ.யை நெருங்கும். இதைவிட வியப்பு, வேகம் மொத்த நிறையைச் சார்ந்ததே அல்ல என்பது. முப்பது சூரிய நிறையோ முப்பது கோடியோ, நிறை விகிதமும் சுழற்சியும் ஒன்றானால் உதையும் ஒன்றே.

ஆகவே கருந்துளை தங்குமா, வெளியேறுமா என்பதை அது இருக்கும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கோள வடிவ விண்மீன் கொத்தை விட்டுத் தப்ப நொடிக்குச் சில பத்து கி.மீ. போதும், சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியை விட்டகலச் சுமார் 550 கி.மீ. வேண்டும். 2019 மே 21-இல் பதிவான மோதலில் இரண்டில் பெரிய கருந்துளையின் நிறை சுமார் 85 சூரியன்கள். ஒரு விண்மீன் இறந்து இவ்வளவு நிறையை விட்டுச்செல்வது கடினம் என்பதால், அதுவே முந்தைய மோதலில் பிறந்ததோ என்ற சந்தேகம் எழுந்தது. அப்படியானால் முதல் உதைக்குப் பிறகும் அதைத் தப்பவிடாமல் பிடித்துவைத்த, அடர்ந்த இடம் ஒன்று தேவை.

இவ்வளவு உதை விழுமானால் பெரிய விண்மீன் மண்டலங்களின் மையத்தில் கருந்துளைகள் எப்படி நிலைத்திருக்கின்றன? பேருதைக்கு வேண்டிய அச்சுகளின் அமைவு அரிதாகவே வாய்க்கும். சுற்றியுள்ள வாயு அச்சுகளை ஒழுங்குபடுத்தவும் கூடும். உதைக்கான சாட்சி விஷயத்தில் நிதானம் தேவை. 2020 ஜனவரி 29-இல் பதிவான அலையிலிருந்து நொடிக்குச் சுமார் 1,500 கி.மீ. உதையை ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் அந்தக் கணிப்பு சுற்றுத்தளத்தின் தள்ளாட்டத்தை நம்பியது. அதே நேரத்தில் லைகோவின் லிவிங்ஸ்டன் கருவியில் இரைச்சல் புகுந்திருந்தது. எனவே அந்த எண்ணை நான் இன்னும் ஏற்கவில்லை. கோட்பாட்டைச் சந்தேகிக்க அது காரணமாகாது: உதையைச் சொல்லும் அதே சமன்பாடுகள்தான் லைகோ பதிவுசெய்த அலைகளின் வடிவத்தையும் சொல்கின்றன, அவை பொருந்தியே வருகின்றன.