ஹரித்துவாரின் வம்சப் பேரேடுகள்

கடையின் முதல் எது என்று இன்று கேட்டால் சரக்கைக் காட்டுவோம். நம் பெரியவர்கள் பற்று வரவுப் பேரேட்டையும் சேர்த்துக் காட்டியிருப்பார்கள். யார் வீட்டுக்கு மாதம் எவ்வளவு அரிசி போகிறது, யார் தவணை தவறாதவர் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

சரக்கே இல்லாமல் பேரேட்டை மட்டும் முதலாக வைத்துத் தொழில் செய்பவர்கள் கங்கைக் கரையில் இருக்கிறார்கள். ஹரித்துவாரின் தீர்த்தப் புரோகிதர்களான பண்டாக்களைத்தான் சொல்கிறோம். அவர்கள் ஏட்டுக்குப் பெயர் 'பஹி'. வடநாட்டு வணிகர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தையும் அதே சொல்லால்தான் குறிப்பிடுவார்கள். நீண்டு குறுகிய தாள்கள், சுருட்டிக் கட்டும்படியான உறை என உருவமும் நம் பழைய கணக்கு ஏடுகளை நினைவூட்டும்.

அஸ்தி கரைக்கவோ நீராடவோ வருகிறவர் தம் பூர்வீக ஊரையும் குலத்தையும் சொன்னால், அந்தக் குடும்பத்துக்கு உரிய பண்டா யார் என்று அங்கே வழி காட்டுவார்கள். அவர் ஏட்டைப் பிரித்துப் பாட்டன், முப்பாட்டன் பெயர்களை வாசிப்பார். பிறகு வந்தவர் புதிய பிறப்பையும் இறப்பையும் சொல்லி எழுதச் செய்து கையொப்பமிடுவார். 1947 பிரிவினையில் ஊரையும் வீட்டையும் இழந்து வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் வம்சாவளி எழுத்தில் மிஞ்சியிருந்த இடம் இதுதான். சொத்து வழக்குகளில் இந்த ஏடுகள் நீதிமன்றம் வரை சாட்சியாகப் போனதும் உண்டு.

1977இல் அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கத்தார் இந்த ஏடுகளை நுண்படச் சுருளில் பதியத் தொடங்கினார்கள். 1894இல் தொடங்கிய சங்கம் அது. மார்மன் திருச்சபையைச் சேர்ந்தது. இறந்துபோன முன்னோர்களுக்காகவும் சடங்கு செய்யலாம் என்பது அவர்கள் சமய நம்பிக்கை. அதற்குப் பெயர்கள் தேவை. கொள்முதல் செய்கிறவரின் நோக்கம் நமக்குத் தெரிந்திருப்பது நல்லதுதானே! உலகெங்கும் அவர்கள் சேர்த்த சுமார் 24 லட்சம் சுருள்களைக் கணினிப் படங்களாக மாற்றும் வேலை 2021இல் முடிந்தது. ஹரித்துவார் ஏடுகளின் படங்களும் இன்று இணையத்தில் உள்ளன.

எல்லா ஏடுகளும் படமாகிவிடவில்லை. பண்டாக்களிடம் தயக்கம் இருந்தால் அது நமக்கு வியப்பில்லை. ஏடு அவர்கள் வீட்டுச் சொத்து. பிள்ளைகளுக்குப் பாகம் பிரிவதும் அந்த ஏட்டைக் கொண்டுதான். நம் வாடிக்கையாளர் பட்டியலைக் கடை வாசலில் ஒட்டு என்று யாராவது சொன்னால் சம்மதிப்போமா? பெயர்கள் உலகத்துக்குப் பயன்படும் என்பது மெய்தான். காட்சணை நின்றுபோனால் பண்டா வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்பதும் மெய்தான். இதில் ஒரு பக்கம் மட்டும் நியாயம் பேச நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் படம் கிடைத்தால் மட்டும் போதாது, வாசிக்க ஆள் வேண்டும். பழைய ஏடுகளில் லண்டா போன்ற வணிக எழுத்துகளும் உண்டு. வேகத்துக்காக உயிர்க்குறிகளை விட்டுவிட்டு எழுதும் முறை அது. 'பாபு அஜ்மீர் கயே', அதாவது பாபு அஜ்மீர் போனார் என்று வந்த கடிதத்தை, 'ஆஜ் மர் கயே', இன்று இறந்தார் என்று படித்து வீட்டார் ஒப்பாரி வைத்த கதை வடநாட்டில் பிரசித்தம். வம்சாவளியில் இப்படி ஒரு பிழை ஏறினால் உயிரோடு இருந்தவர் கணக்கில் செத்துப்போவார். தவிர, 1977இல் படமெடுத்த பக்கத்தில் 1978இல் பிறந்த பிள்ளை இராது. அந்த வரியை எழுத இன்றும் பண்டாவிடம்தான் போக வேண்டும்.

நம் வீடுகளிலும் பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை பிறந்த நாளும் நாழிகையும், திருமண மொய்க் கணக்கும் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். கடையை இடித்துக் கட்டும்போது அவை எடைக்குப் போகின்றன. கைப்பேசியே போதும், பகல் வெளிச்சத்தில், தையலைப் பிரிக்காமல், அட்டை முதல் வரிசையாகப் படமெடுங்கள். தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே அவரை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இணையத்தில் ஏற்றுவது வேறு சங்கதி. காலமானவர்களின் பெயர்களை ஏற்றலாம். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, தாயார் பெயர் ஆகியவற்றைத்தான் வங்கிகளில் ஆளை அடையாளம் காணக் கேட்கிறார்கள். மோசடிக்காரர்களுக்கும் அவையே வேண்டும். அவற்றை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பாகம் பிரியாத குடும்பமானால், வம்சாவளியை வெளியிடும் முன் பங்காளிகள் எல்லோரிடமும் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விட்டுப்போன ஒரு பெயர் பிற்பாடு வழக்காக வந்து நிற்கக்கூடும்.