வயிற்றுச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை

வயிற்றுச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை என்பது அடிவயிற்றில் தொங்கும் மிகைத் தோலையும் கொழுப்பையும் நீக்கி, தளர்ந்த வயிற்றுத் தசைகளை இறுக்கும் சிகிச்சை ஆகும். அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் கெல்லி 1899 ஆம் ஆண்டில் இதன் தொடக்க வடிவத்தைச் செய்தார். இது உடல் எடையைக் குறைக்கும் முறை அன்று.

செய்முறை

கருவுற்ற காலத்தில் வயிற்றின் நடுவிலுள்ள இரு நேர்த்தசைகள் விலகக்கூடும். பெருமளவு எடை குறைந்தவர்களுக்குத் தோல் தொங்கிவிடும். உடற்பயிற்சியால் தொங்கும் தோல் சுருங்குவதில்லை. முழு மயக்க நிலையில் அடிவயிற்றின் குறுக்கே கீறி, தோலை விலா எலும்பு வரை உயர்த்தி, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைப்பர். பின்னர் மிகைத் தோலை வெட்டி நீக்கி, தொப்புளுக்குப் புதிய துளை அமைப்பர்.

மீட்சி

தோலின் கீழ் சேரும் நீரை வெளியேற்ற வடிகுழாய் பொருத்தப்படுவதுண்டு. முதல் சில நாட்கள் உடலைச் சற்று முன்வளைத்தே நடக்க இயலும். எனினும் நடப்பது இன்றியமையாதது. காலின் ஆழ்சிரைகளில் குருதி உறைந்து நுரையீரலை அடைவது உயிருக்கே ஆபத்தானது. விரைவில் எழுந்து நடப்பது இவ்விடரைக் குறைக்கும். ஒரு காலில் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பொதுவாக 6 வாரங்கள் வரை பாரம் தூக்கலாகாது.

நிக்கோட்டின் குருதிக்குழாய்களைச் சுருக்கித் தோல் அழுகக் காரணமாகும். எனவே புகைப்பதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். தழும்பு காலப்போக்கில் மங்கும், ஆனால் முற்றிலும் மறையாது. மீண்டும் கருவுற்றால் தசைகள் விலகக்கூடும் என்பதால், குழந்தை பெற விரும்புவோர் இச்சிகிச்சையைத் தள்ளிவைப்பது நன்று.