கொலையில் நம்பர் ஒன் எந்த ஊரு? அமெரிக்க நகரங்களின் ரத்தக் கணக்கு

1990 செப்டம்பர். நியூயார்க் நகரில் ஒரு சுரங்க ரயில் நிலையம். வெளியூரில் இருந்து வந்த ஒரு குடும்பத்தை வழிப்பறிக் கும்பல் மடக்கியது. பணத்தைப் பிடுங்கியபோது தகராறு. குறுக்கே பாய்ந்த வாலிபருக்கு நெஞ்சில் கத்திக்குத்து. அவர் பிழைக்கவில்லை.

மறுநாளில் இருந்து நியூயார்க் பத்திரிகைகள் அலறின. ஏதாவது செய்யுங்கள் என்று மேயர் டேவிட் டின்கின்சை நெருக்கின. அந்த வருஷம் நியூயார்க்கில் விழுந்த கொலைகள் மொத்தம் 2,245. ஒரு நாளைக்கு ஆறு பிணம். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அந்த ஊரில் அப்படி ஒரு வருஷம் கிடையாது. அமெரிக்காவிலேயே மோசமான ஊர் நியூயார்க்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் அங்கிருந்து மூணு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் தலைநகர் வாஷிங்டனில், அதே வருஷம் நடந்த கொலைகள் 470க்கு மேல். நியூயார்க்கில் நடந்ததில் கால்வாசி கூட இல்லை. அப்படியிருந்தும் 'கொலைத் தலைநகரம்' என்ற பட்டம் வாஷிங்டனுக்குத்தான் போனது.

அது எப்படி?

தலைக்கு எவ்வளவு?

கணக்கு ரொம்ப சிம்பிள். கொலை எண்ணிக்கையை ஊர் ஜனத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை கொலை என்று பார்ப்பதுதான் வழக்கம். அமெரிக்காக்காரர்கள் இதை 'நூறு ஆயிரம் பேருக்கு' என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நம்மிடம் லட்சம் என்ற வார்த்தையே இருப்பதால் நமக்கு வேலை மிச்சம்.

1990ல் நியூயார்க் ஜனத்தொகை 73 லட்சம். 2,245ஐ 73ஆல் வகுத்தால் லட்சத்துக்கு சுமார் 31 கொலை. வாஷிங்டனில் இருந்தது வெறும் 6 லட்சம் பேர்தான். அங்கே லட்சத்துக்கு சுமார் 78. அதாவது வாஷிங்டன்வாசி ஒருவர் கொலையாகும் ஆபத்து, நியூயார்க்வாசியை விட ரெண்டரை மடங்கு அதிகம்.

மத்த ஊர்களையும் பாருங்க. சிகாகோவில் அந்த வருஷம் சுமார் 850 கொலை, ஜனத்தொகை 28 லட்சம். லட்சத்துக்கு 30 சொச்சம். லாஸ் ஏஞ்சல்சில் 983 கொலை, ஜனத்தொகை 35 லட்சம். லட்சத்துக்கு 28. நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் மூணும் கிட்டத்தட்ட ஒரே நிலைமைதான். கார் நகரமான டெட்ராய்ட் லட்சத்துக்கு 56ஐத் தாண்டி நின்றது. எண்ணிக்கையில் முதல் இடம் பிடித்த நியூயார்க், விகிதத்தில் வாஷிங்டனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் பின்னால் எங்கேயோ இருந்தது.

வெள்ளை மாளிகைக்கு எதிரிலேயே...

வாஷிங்டனில் 1985ல் கொலைகள் 150க்குள்தான் இருந்தன. ஐந்தே வருஷத்தில் மூணு மடங்குக்கு மேல் எகிறியது. காரணம் கிராக். கொக்கைனை சோடா உப்போடு காய்ச்சி சின்னக் கட்டிகளாக்கி, அஞ்சு டாலர், பத்து டாலருக்கு தெருமுனையில் விற்ற சரக்கு. அந்தத் தெருமுனை யாருக்கு என்பதில்தான் சண்டை. கத்தி போய் துப்பாக்கி வந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பசங்க கையில் கூட துப்பாக்கி.

1989 செப்டம்பரில் அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், ஒரு கிராக் பொட்டலத்தை டி.வி.யில் தூக்கிக் காட்டினார். வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் பிடிபட்டது என்றார். நாடே பதறியது. பிற்பாடுதான் உண்மை வெளியே வந்தது. ஜனாதிபதி பேச்சுக்காக, விற்பவனை அங்கே வரவழைத்ததே போதைத் தடுப்பு அதிகாரிகள்தானாம்! அந்தப் பையனுக்கு வெள்ளை மாளிகை எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியவில்லை.

அடுத்த கூத்து 1990 ஜனவரியில். வாஷிங்டன் மேயர் மேரியன் பாரியே ஓட்டல் அறையில் கிராக் புகைத்தபோது எப்.பி.ஐ. விரித்த வலையில் சிக்கினார். கையும் களவுமாகப் பிடிபட்டது வீடியோவில் பதிவானது.

இந்தச் சண்டையில் செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின வாலிபர்கள். வெளியூர்க்காரர் செத்தால் முதல் பக்கம். இவர்களில் பல பேருக்கு உள்பக்கத்தில் நாலு வரிதான். நியூயார்க்கைப் பார்த்து நாடே நடுங்கிக்கொண்டிருந்தபோது, நிஜமாகவே பயந்து சாக வேண்டிய நிலையில் இருந்தது வாஷிங்டனின் ஏழைத் தெருக்கள்.

எல்லைக்கோட்டு வேலை

சரி, விகிதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதிலும் ஓட்டை இருக்கிறது. எந்த ஜனத்தொகையால் வகுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

செயின்ட் லூயிஸ் என்று ஒரு ஊர். கொலைப் பட்டியலில் அடிக்கடி முதல் இடத்துக்கு வரும். இந்த நகரம் 1876லேயே சுற்றியிருந்த மாவட்டத்தில் இருந்து பிரிந்து போய்விட்டது. நகருக்குள் இருப்பது 3 லட்சம் பேர். வெளியே உள்ள மாவட்டத்தில் 10 லட்சம் பேர். அந்த 10 லட்சத்தையும் சேர்த்து வகுத்தால் விகிதம் மளமளவென்று இறங்கிவிடும். கொலை ஒண்ணு கூட குறைந்திருக்காது!

நியூயார்க் கதை நேர் எதிர். 1898ல் புரூக்ளின், குயின்ஸ், ஸ்டேட்டன் ஐலண்டு எல்லாவற்றையும் ஒரே நகரமாக இணைத்துவிட்டார்கள். அதனால் தோட்டம் வைத்து நிம்மதியாக வாழும் குடும்பங்களும் அந்த 73 லட்சத்தில் அடக்கம். புரூக்ளினில் கிழக்கு நியூயார்க் பகுதியைக் கவனிக்கும் 75வது போலீஸ் சரகத்தை மட்டும் தனியாக எடுத்தால், 1993ல் நூறு கொலைகளுக்கு மேல். அங்கே இருந்தது ஒண்ணரை லட்சம் பேர் சொச்சம்தான். வாஷிங்டனுக்குச் சளைக்காத கணக்கு. நியூயார்க் சராசரியில் அது காணாமல் போய்விட்டது.

டெட்ராய்ட்டில் வேற மாதிரி. 1974ல் அங்கே 714 கொலை. 2010ல் சுமார் 310. பாதிக்கு மேல் குறைந்துவிட்டதே என்று மார்தட்டலாம். ஆனால் கார் கம்பெனி வேலைகள் போய் ஜனங்களும் கிளம்பிவிட்டார்கள். 14 லட்சம் போல இருந்த ஊர் 7 லட்சமாகச் சுருங்கிவிட்டது. லட்சத்துக்கு 50 சொச்சமாக இருந்தது 43தான் ஆகியிருந்தது. கொலை குறைந்த அளவுக்கு ஆபத்து குறையவில்லை.

அடிதடி கணக்கை நம்பலாமா?

கொலையை வைத்தே ஏன் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். எப்.பி.ஐ. கணக்கில் வன்முறைக் குற்றம் என்றால் நாலு வகை. கொலை, கற்பழிப்பு, வழிப்பறி, கொடுங்காயம் உண்டாக்கும் தாக்குதல். இதில் பிணத்தை மட்டும்தான் ஒளிக்க முடியாது. மத்த மூணும் புகார் கொடுப்பவர் தைரியத்தையும், எழுதும் போலீஸ்காரர் பேனாவையும் பொறுத்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசின் ஒரு வருஷத்துக் கணக்கை, அந்த ஊர் பத்திரிகை 2014ல் கிளறியது. ஏறக்குறைய 1,200 வன்முறைக் குற்றங்கள் சில்லறைக் குற்றமாகப் பதிவாகியிருந்தது அம்பலமானது. குத்து வாங்கியவர் கணக்கில் லேசான அடியாக மாறியிருந்தார்!

சிகாகோவில் இன்னொரு கோளாறு. கற்பழிப்பு வழக்குகளை அந்த ஊர் போலீஸ் எண்ணும் முறை, எப்.பி.ஐ. விதியோடு ஒத்துப் போகவில்லை. அதனால் 1980களின் நடுவில் இருந்து பல வருஷங்கள் சிகாகோவுக்கு மொத்த வன்முறைக் குற்ற எண்ணிக்கையையே எப்.பி.ஐ. வெளியிடவில்லை. அந்தப் பட்டியலை வைத்து 'டாப் 10 ஆபத்தான நகரங்கள்' போட்டவர்கள் லிஸ்டில் சிகாகோவே இருக்காது. 2021ல் புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் கணக்கே கொடுக்கவில்லை. நாட்டின் ரெண்டு பெரிய நகரங்கள் அவுட்!

2001லும் ஒரு விசேஷம். இரட்டைக் கோபுரத் தாக்குதலில் செத்தவர்களை நியூயார்க்கின் கொலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் 1990 ரெக்கார்டு எப்போதோ உடைந்திருக்கும். இப்படி எல்லாம் இருப்பதால்தான், எங்கள் கணக்கை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று எப்.பி.ஐ.யே எச்சரித்து வந்தது. கேட்டவர்கள் யார்?

மூணு ஊரும் பிரிந்த கதை

1990ல் ஒரே நிலையில் இருந்த மூணு பெரிய நகரங்களும் அப்புறம் தனித்தனி பாதையில் போய்விட்டன. 2016ல் நியூயார்க்கில் 335 கொலை. லட்சத்துக்கு நாலு கூட இல்லை. லாஸ் ஏஞ்சல்சில் 294 கொலை, லட்சத்துக்கு ஏழு சொச்சம். சிகாகோவில் 762, லட்சத்துக்கு 28. அதாவது சிகாகோ மட்டும் கிட்டத்தட்ட 1990லேயே நின்றது.

நியூயார்க்கில் குறைந்ததற்கு யார் காரணம் என்பதில் இன்னும் அடிதடிதான். 1994ல் வந்த மேயர் ரூடி ஜூலியானியும் போலீஸ் கமிஷனர் வில்லியம் பிராட்டனும்தான் என்பது ஒரு கட்சி. வட்டாரம் வட்டாரமாகக் குற்றக் கணக்கைப் போட்டு அதிகாரிகளை வறுத்தெடுத்தது அவர்கள் காலத்தில்தான். ஆனால் கொலை இறங்கத் தொடங்கியது டின்கின்ஸ் காலத்தில், 1991லேயே. கிராக் மோகம் அடங்கியது, போலீஸ் ஆட்கள் கூடியது, வேலைவாய்ப்பு பெருகியது என்று பல காரணம் சொல்கிறார்கள்.

ஒண்ணு மட்டும் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. தெருவில் போகிறவர்களை நிறுத்தி சோதனை போடும் கெடுபிடி 2011ல் உச்சத்துக்குப் போனது. ஒரே வருஷத்தில் 6 லட்சத்து 85 ஆயிரம் சோதனை. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் வாலிபர்கள். அது நடக்கும் விதம் சட்டவிரோதம் என்று 2013ல் கோர்ட்டு சொன்னது. இனி ரத்த ஆறு ஓடும் என்று பயமுறுத்தினார்கள். 2017ல் சோதனைகள் 12 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. அந்த வருஷம் கொலைகள் 292. கூடவில்லை, இன்னும் குறைந்தது!

சிகாகோ விஷயத்தில் 2016லும் பழைய தப்பையே செய்தார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் ரெண்டையும் கூட்டினாலும் சிகாகோவை எட்டாது என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. உண்மைதான். ஆனால் அதே வருஷம் செயின்ட் லூயிசில் லட்சத்துக்கு 60 கொலை. அதைப் பற்றி அவ்வளவு கூச்சல் இல்லை.

சிகாகோவிலும் எல்லா இடத்திலும் குண்டு வெடிக்கவில்லை. ஏரிக்கரை மாடிக் கட்டடங்கள் ஒரு உலகம், தெற்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் வேறு உலகம். தெற்கே இருந்த பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, செலவு கட்டுப்படியாகவில்லை என்று பெரியவர்களுக்கான விபத்து அவசர சிகிச்சைப் பிரிவை 1988ல் மூடிவிட்டது. குண்டடி பட்டவர்களை ஆம்புலன்சில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வாசலிலேயே இருந்த அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி பல மைல் ஓட வேண்டியிருந்தது. வழியில் உயிர் போனால் அது தாக்குதல் கணக்கில் இருந்து கொலைக் கணக்குக்கு மாறும்.

அந்த வட்டாரத்து வாலிபர்களும் தாய்மார்களும் வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலில் போராடினார்கள். கைதும் ஆனார்கள். 2018 மே மாதம் அந்தப் பிரிவு மறுபடி திறக்கப்பட்டது.