கொழுப்பைத் தேடும் விஷம்

ஏலூர் ஓடைச் சேறு உயிர் மூலக்கூறுகளைப் பற்றிச் சொல்லும் பாடம்

பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த ஏலூர், கொச்சியின் தொழிற்பேட்டை. இங்குள்ள குழிக்கண்டம் ஓடையின் சேற்றை 1999-ல் கிரீன்பீஸ் அமைப்பு சோதித்தபோது டி.டி.டி.யும் அதன் சிதைவுப் பொருள்களும் சிக்கின. மலேரியா ஒழிப்புக்காக 1954-ல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் பல்லாண்டுக் காலம் டி.டி.டி. தயாரித்த ஊர் இது.

ஓடும் நீரில் இந்த மருந்து அதிகம் தங்காது. சேற்றிலும் மீனின் கொழுப்பிலும்தான் குடியேறும். காரணம், உடலைக் கட்டும் மூலக்கூறுகளின் அமைப்பு.

அவை நான்கு வகை. குளுக்கோஸ் போன்ற சர்க்கரைக் கண்ணிகள் கோத்தவை கார்போஹைட்ரேட்டுகள்; அரிசியின் மாவுச்சத்து ஓர் உதாரணம். 20 வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்துச் சுருண்டால் அது புரதம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதை 1963-ல் சகாக்களுடன் கணக்கிட்டுக் காட்டிய சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன், ஏலூருக்குப் பக்கத்திலுள்ள எர்ணாகுளத்தில் பிறந்தவர். சர்க்கரை, பாஸ்பேட், காரம் மூன்றும் சேர்ந்த அலகுகளால் ஆனவை டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலங்கள். பரம்பரைச் செய்தி இவற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நான்காவது வகை கொழுப்பு. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் வால்களாகத் தொங்கும். கார்பனும் ஹைட்ரஜனுமான இந்த நீண்ட வால்களுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு கிடையாது.

டி.டி.டி.யும் அதே ஜாதிதான். இரண்டு பென்சீன் வளையங்கள், ஐந்து குளோரின் அணுக்கள். நீரில் கரையாது, கொழுப்பில் எளிதில் கரையும். சிறுநீரில் எளிதாக வெளியேறவும் முடியாது. புழுவை மீன் தின்ன, மீனைக் கொக்கும் மனிதனும் தின்ன, படிக்குப் படி அதன் அளவு ஏறுகிறது. கொழுப்பு நிறைந்த தாய்ப்பால் வழியே குழந்தையையும் எட்டுகிறது.

அரிசியையும் மீனையும் செரிக்க உடலில் என்சைம்கள் உண்டு. டி.டி.டி.யோ பெரும்பாலும் டி.டி.ஈ. என்ற இன்னொரு பிடிவாதப் பொருளாக மாறி, பல ஆண்டுகள் அதே கொழுப்பில் உட்கார்ந்திருக்கும்.

இந்தியா 1989-ல் விவசாயத்தில் டி.டி.டி.க்குத் தடை விதித்தது. நீண்டகால நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006-ல் ஏற்றது. ஆனால் சேற்றில் படிந்த மூலக்கூறுகளுக்கு உடன்படிக்கை தெரியாது. சேற்றை அகற்றிப் பத்திரப்படுத்துவதும் மீன்களைத் தொடர்ந்து சோதிப்பதும்தான் வழி.

2024 மே மாதம் ஏலூர் பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தபோது ஊரே திரண்டது. கொழுப்பில் சேரும் விஷம் அப்படி மிதந்து காட்டாது.