ஏரியில் விளைந்து குளிர்காலப் பசி தீர்க்கும் காட்டரிசி

அமெரிக்காவின் வட எல்லையில் மினசோட்டா, விஸ்கான்சின் என்ற இரு மாநிலங்கள் உள்ளன. ஜனவரி மாதத்தில் அங்கு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குவது உண்டு. ஏரிகள் கல்லாக உறைந்துவிடும். நிலத்தில் ஒரு பச்சைப் புல்லும் இராது. அந்த நாட்களில் வீட்டு அடுப்பில் கோழியுடனும் காளானுடனும் கொதித்துக் கொண்டிருப்பது, அதே ஏரிகளில் ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் உதிர்த்தெடுத்த நீண்ட கரிய மணி. அதற்குக் காட்டரிசி என்று பெயர்.

இந்தப் பயிருக்கு உழவு இல்லை, நாற்று இல்லை, நடவு இல்லை, உரமும் இல்லை. ஆனால் அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் மக்களுக்குக் கவலை மட்டும் குறைவில்லை. அவர்கள் கதையில் நம் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் பல உண்டு.

நெல்லுக்கு உறவு, நெல் அல்ல

பெயரில் அரிசி இருந்தாலும் இது நெல் அல்ல. நெல் ஒரைசா இனத்தைச் சேர்ந்தது. இது ஜிஜானியா இனம். இரண்டும் புல் குடும்பத்தில் நெருங்கிய உறவுகள். நம் வயல்களில் களையாக முளைக்கும் காட்டு நெல் ஒரைசா இனத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை.

ஜிஜானியாவில் நான்கு வகைகள் உண்டு. மூன்று வட அமெரிக்காவுக்குச் சொந்தம்; ஒன்று கிழக்கு ஆசியாவுக்கு. சீனாவில் இந்த நான்காவது வகையை மணிக்காக வளர்ப்பதில்லை. ஒருவகைப் பூசணம் தாக்கி வீங்கிய அதன் தண்டைக் காய்கறியாகச் சமைக்கிறார்கள்.

வட ஏரிகளின் காட்டரிசியைத் தொன்றுதொட்டு உண்டு வருபவர்கள் ஒஜிப்வே என்னும் பழங்குடி மக்கள். அவர்கள் மொழியில் இதற்கு மனோமின் என்று பெயர். தண்ணீரின் மேல் உணவு விளையும் இடம் வரை மேற்கே செல்லுங்கள் என்று கிடைத்த வாக்கை நம்பியே தங்கள் முன்னோர் இந்த ஏரிகளுக்கு வந்து குடியேறினர் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. அருகில் வாழும் மெனாமினி மக்களுக்கோ இந்தத் தானியத்தின் பெயரே குலப் பெயராகிவிட்டது.

குளிரில் உறங்கும் விதை

முற்றிய மணி தண்ணீரில் விழுந்து, ஏரியின் அடிச்சேற்றில் தங்குகிறது. ஏறக்குறைய மூன்று மாதம் உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீரில் கிடந்தால்தான் அது முளைக்கும். வெளியே எடுத்து நன்கு காயவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும். சில விதைகள் பல ஆண்டுகள் சேற்றிலேயே உறங்கியிருந்து பின்னர் முளைப்பதும் உண்டு. நான்கு ஆண்டுகளில் ஓராண்டு விளைச்சல் பொய்த்தாலும் பயிர் அழியாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

வசந்த காலத்தில் முளை கிளம்பி, ஜூன் மாதத்தில் இலைகள் நீர்மட்டத்தின் மேல் நாடாப்போல் படர்ந்து மிதக்கும். பயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான். அந்த நேரத்தில் தண்ணீர் திடீரென உயர்ந்தால் செடி வேரோடு பெயர்ந்துவிடும். அரை அடி முதல் மூன்று அடி வரை ஆழமும், மெல்ல நகரும் தண்ணீரும் இதற்கு ஏற்றவை. தேங்கிய குட்டையில் நன்றாக வராது. ஆகஸ்டு கடைசியில் கதிர் முற்றத் தொடங்கும்.

இரண்டு குச்சி, ஒரு தோணி

ஒரே கதிரில் எல்லா மணியும் ஒன்றாக முற்றுவதில்லை. முற்றிய மணி உடனே உதிர்ந்துவிடும். ஆகவே அரிவாள் வைத்து அறுத்தால் பயனில்லை.

ஒரு தோணியில் இருவர் செல்கிறார்கள். ஒருவர் நின்றுகொண்டு நீண்ட கழியால் தோணியைத் தள்ளுகிறார். மற்றவர் உட்கார்ந்து, ஒரு குச்சியால் கதிர்களைத் தோணியின் மேல் வளைத்து, மறு குச்சியால் மெல்லத் தட்டுகிறார். முற்றிய மணி தோணிக்குள் விழுகிறது. முற்றாதது கதிரிலேயே நிற்கிறது. சில நாட்கள் கழித்து அதே இடத்துக்கு மீண்டும் வருவார்கள். தவறித் தண்ணீரில் விழுவது அடுத்த ஆண்டுக்கு விதை, வாத்துகளுக்கும் இரை.

எந்த ஏரியை எந்த நாள் திறப்பது என்பதை ஊர்ப் பெரியவர்கள் கதிரைப் பார்த்து முடிவு செய்வது பழைய வழக்கம். மினசோட்டா மாநிலச் சட்டமும் இந்தக் கட்டுப்பாட்டை ஒட்டியே அமைந்திருக்கிறது. தோணி 18 அடிக்கு மேல் நீளமோ 36 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருக்கக் கூடாது. குச்சி 30 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. எடை ஒரு பவுண்டுக்குள் இருக்க வேண்டும். காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரைதான் அறுவடை.

கரைக்கு வந்த மணியைக் காயவைத்து, இரும்புக் கொப்பரையில் விறகுத் தீயில் இடைவிடாமல் கிளறி வறுக்கிறார்கள். வறுத்தபின், மான்தோல் செருப்பு அணிந்து, குழியில் இட்ட மணியை மெல்ல மிதித்து உமி நீக்குவார்கள். பிறகு மரப்பட்டையால் செய்த தட்டில் புடைத்துத் தூற்றுவார்கள். இப்போது பல இடங்களில் இயந்திர உருளைகள் இந்த வேலையைச் செய்கின்றன. ஏரியிலிருந்து வந்த ஈர மணியின் எடையில் ஏறக்குறைய பாதிதான் அரிசியாகத் தேறும். இப்படிப் பதம் செய்த அரிசி ஆண்டுக்கணக்கில் கெடாது. உறைபனிக் காலத்துக்கு இதைவிடச் சிறந்த சேமிப்பு அந்த மக்களுக்கு வேறு இருந்ததில்லை.

சமைக்கும் விதம்

நூறு கிராம் காட்டரிசியில் ஏறக்குறைய 14 முதல் 15 கிராம் புரதம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் உள்ளதைப்போல் இது இரண்டு மடங்கு. நார்ச்சத்தும் அதிகம், கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே ஒரு கிண்ணம் சூப்பே முழுச் சாப்பாடாக அமைந்துவிடுகிறது.

முதலில் அரிசியை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். ஒரு ஆழாக்கு அரிசிக்கு நான்கு ஆழாக்கு தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் உப்பிட்டு, மூடி, தீயைக் குறைக்க வேண்டும். வயலில் விளைந்த கரிய மணி வேக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஏரியில் விளைந்து விறகில் வறுபட்ட பழுப்பு மணிக்கு 15 முதல் 25 நிமிடம் போதும். மணி வெடித்து, உள்ளே வெண்மை தெரிந்தால் பதம். முழுவதும் சுருண்டுவிட்டால் வெந்தது அதிகம். மிஞ்சிய நீரை வடித்துவிடலாம். சூப்பில் சேர்த்தால் இன்னும் நல்லது. ஒரு ஆழாக்கு அரிசி மூன்று முதல் நான்கு ஆழாக்கு வரை காணும்.

கோழி சூப்: நாலைந்து பேருக்கு ஒரு ஆழாக்கு அரிசியைத் தனியே வேகவைத்துக்கொள்ள வேண்டும். அரைக்கிலோ கோழி இறைச்சியை எலும்புடன் வேகவைத்துச் சாற்றை வடித்து, இறைச்சியைப் பிய்த்து வைக்க வேண்டும். 50 கிராம் வெண்ணெயில் இரண்டு வெங்காயம், இரண்டு கேரட், ஒரு கைப்பிடி காளான் இவற்றை வதக்கி, மூன்று மேசைக்கரண்டி மைதா மாவைத் தூவிப் பச்சை வாடை போகக் கிளற வேண்டும். பிறகு கோழிச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டால் கட்டி தட்டாமல் கெட்டிப்படும். இறைச்சியையும் வெந்த அரிசியையும் போட்டு, கடைசியில் இரண்டு ஆழாக்கு காய்ச்சிய பாலோ சிறிது பாலேடோ சேர்த்து, மிளகுத்தூள் தூவி, மீண்டும் கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும். அரிசியை முதலிலேயே சூப்பில் போட்டால் அது சாறு முழுவதையும் குடித்துவிடும்.

அடுப்புச் சோறு: வெந்த காட்டரிசியுடன் கொத்திய இறைச்சி, வெங்காயம், காளான், கெட்டியான வெள்ளைக் குழம்பு ஆகியவற்றைக் கலந்து, ஆழமான பாத்திரத்தில் பரப்பி, ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். மினசோட்டாவில் இதற்கு ஹாட்டிஷ் என்று பெயர். திருமணம், துக்கம், கோயில் விருந்து எதுவானாலும் ஒரு வீட்டார் இதைச் செய்து மறு வீட்டுக்கு எடுத்துச் செல்வது அங்கு வழக்கம்.

பழங்குடி மக்களின் முறை: மான் இறைச்சி, காட்டு வாத்து அல்லது மீன் வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைப்பது அவர்களுடைய பழைய சமையல். காலை உணவுக்கு அரிசியைக் குழைய வேகவைத்து, மேப்பிள் மரத்திலிருந்து காய்ச்சிய சர்க்கரையும் உலர்ந்த காட்டுப் பழங்களும் சேர்ப்பார்கள். வேகாத அரிசியைச் சூடான எண்ணெயிலோ கொழுப்பிலோ சிறிது சிறிதாகப் போட்டால் பொரியும். உப்புத் தூவினால் குழந்தைகளுக்கு நல்ல தின்பண்டம்.

வயலுக்கு வந்த காட்டரிசி

1950-இல் மினசோட்டாவில் இதை முதன்முதலாக வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கிய வயலில் பயிரிட்டார்கள். 1963-இல் எளிதில் மணி உதிராத செடிகளை அம்மாநிலப் பல்கலைக்கழகத்தினர் தேர்ந்தெடுத்தனர். உதிராத ரகம் வந்ததும் வயலை வடித்துவிட்டு இயந்திரத்தால் அறுவடை செய்ய வழி பிறந்தது. 1970-களில் கலிபோர்னியா நெல் விவசாயிகள் இதில் இறங்கினார்கள். 1980-களின் நடுவில் விளைச்சலில் கலிபோர்னியா மினசோட்டாவை மிஞ்சியது. சந்தையில் சரக்குக் குவிந்து விலை சரிந்தது.

இந்த அடி விழுந்தது தோணியில் சென்று குச்சியால் தட்டும் குடும்பங்களின் மேல்தான். உழவும் உரமும் பெற்று இயந்திரத்தில் அறுபட்ட சரக்கும், ஏரியில் தானே விளைந்து விறகில் வறுபட்ட சரக்கும் ஒரே பெயரில் கடைக்கு வந்தால், வாங்குபவர் மலிவானதைத்தானே எடுப்பார்? ஆகவே வயலில் விளைந்ததை அவ்வாறே உறையில் குறிப்பிட வேண்டும் என்று மினசோட்டாவில் சட்டம் வந்தது. வேறுபாடு தெரிந்தவர்கள் ஏரி அரிசியைத் தேடிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

2007-இல் மற்றொரு பாதுகாப்பும் கிடைத்தது. மரபணு மாற்றிய காட்டரிசியை அம்மாநிலத்தில் வெளியே விடுவதானால், முன்னதாகச் சுற்றுச்சூழல் பாதிப்பை முழுமையாக ஆராய வேண்டும் என்று சட்டமன்றம் விதித்தது. காற்றில் மகரந்தம் பரவும் பயிர் இது. வயலில் வைத்தது ஏரிக்கும் போகக் கூடும் என்பதே பழங்குடி மக்களின் அச்சம்.

தண்ணீர் கெட்டால் அரிசி இல்லை

விலைக்கு அடுத்த கவலை தண்ணீர். அணைகள் கட்டி நீர்மட்டம் உயர்ந்ததால் பல ஏரிகளில் காட்டரிசி மறைந்தது. சுரங்கக் கழிவிலிருந்து வரும் சல்பேட் இன்னொரு எமன். அது காற்றோட்டம் இல்லாத அடிச்சேற்றில் சல்பைடாக மாறி வேரைத் தாக்குகிறது. அதனால் 1973-இல் மினசோட்டா, காட்டரிசி வளரும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் இருக்கக் கூடாது என்று விதி செய்தது. அந்த விதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது பற்றிச் சுரங்கத் தொழிலுக்கும் பழங்குடியினருக்கும் நெடுநாளாக வழக்காடல் நடந்து வருகிறது.

விஸ்கான்சினில் மோல் லேக் என்ற இடத்து ஒஜிப்வே மக்கள் ஒரு சிறு கூட்டம். அவர்கள் காட்டரிசி ஏரிக்கு அருகே, நீர் வரும் திசையில், பெரிய உலோகச் சுரங்கம் தோண்டத் திட்டமிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடியபின், 2003-இல் அவர்களும் அண்டையிலுள்ள போட்டவாட்டமி பழங்குடியினரும் சேர்ந்து 1 கோடியே 65 லட்சம் டாலர் கொடுத்து அந்தச் சுரங்க நிலத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். தங்கள் ஏரிக்கு அவர்கள் போட்ட மதிப்பு அது.

1837-இல் நிலத்தை விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்திலும் இந்த மக்களின் முன்னோர், வேட்டை, மீன்பிடிப்பு இவற்றுடன் காட்டரிசி சேகரிக்கும் உரிமையையும் எழுத்தில் கேட்டுப் பெற்றிருந்தனர். அந்த ஒப்பந்தம் தந்த உரிமைகள் இன்னும் உயிருடன் உள்ளன என்று 1999-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 162 ஆண்டுகளுக்குப் பிறகும் எழுதி வைத்த அந்த வரி கைகொடுத்தது.

இங்கு வளருமா?

புதுப் பயிர் என்றதும் விதை எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழுவது இயல்பு. தமிழ்நாட்டுச் சமவெளியில் காட்டரிசி பயிரிட முயல்வது வீண் செலவு. மூன்று மாதம் பனிநீரில் கிடக்காமல் விதை முளைக்காது. கடையில் விற்கும் மணி வறுக்கப்பட்டது; அதை விதைத்தால் முளையே வராது. இந்த விதை என்று சொல்லி யாரேனும் விலை பேசினால் ஏமாந்துவிடக் கூடாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய கவனத்தை. விதைக்கு விட்டு அறுக்கிறார்கள், தண்ணீரைக் காக்கிறார்கள், விளைந்த இடத்தையும் விளைந்த விதத்தையும் உறையில் சொல்லி விற்கிறார்கள், உரிமையை எழுத்தில் வைத்திருக்கிறார்கள். கவுனி போன்ற பழைய ரகங்களைக் கையிருப்பில் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்த நான்கும் பொருந்தும். மேலே சொன்ன கோழி சூப்பும் அப்படியே. கவுனி அரிசியை முதல்நாள் இரவே ஊறவைத்து, நன்கு வேகவைத்துச் சேர்த்தால், மார்கழிப் பனிக்கு அதுவும் இதமாகத்தான் இருக்கும்.