காட்டுக்குள் ஒரு ரயில் சத்தம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனால், தேயிலைத் தோட்டங்களும் இடையிடையே மழைக்காட்டுத் துண்டுகளும் மாறி மாறி வரும். அப்படி ஒரு காட்டின் ஓரத்தில் நீங்கள் நின்றுகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை நேரம். திடீரென்று தலைக்கு மேலே 'புஸ்... புஸ்... புஸ்...' என்று ஒரு சத்தம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி ரயில் புறப்படுவது போலவே இருக்கிறது! ஆனால் இங்கே தண்டவாளம் ஏது?

அண்ணாந்து பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பெரிய பறவை, மரங்களின் உச்சியைத் தாண்டிப் பறந்து போகிறது. அதுதான் பெரிய இருவாச்சி.

பறவை பறக்கும்போது இவ்வளவு சத்தம் ஏன் வருகிறது? பெரும்பாலான பறவைகளுக்கு இறக்கையின் அடிப்புறத்தில், நீண்ட இறகுகளின் அடிப்பகுதிகளைச் சிறு இறகுகள் மூடியிருக்கும். இருவாச்சிகளுக்கு அந்த மூடல் இல்லை. ஆகவே இறக்கை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று அந்த இடைவெளிகளில் புகுந்து ஓசை எழுப்புகிறது. பறவையைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடலாம்.

ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். இறக்கைகளை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர். எடை சுமார் 3 கிலோ. அலகின் மேல் கவிழ்த்து வைத்த தோணி போல ஒரு கொண்டை. பார்த்தால் பாரமாகத் தோன்றும். ஆனால் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான்! கேரளம் தன் மாநிலப் பறவையாக ஏற்றிருப்பதும், 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தன் சின்னமாக வைத்திருப்பதும் இதைத்தான்.

நான்கு பேரில் யார்?

தமிழ்நாட்டில் நான்கு வகை இருவாச்சிகள் உள்ளன. இரண்டு கறுப்பு வெள்ளை நிறத்தவை. இரண்டு சாம்பல் நிறத்தவை. எது எது என்று கண்டுபிடிப்பது கடினம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்.

கறுப்பு வெள்ளைப் பறவையா? அப்படியானால், 'கழுத்து என்ன நிறம்?' என்று கேளுங்கள். முகம் கறுத்து, கழுத்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது பெரிய இருவாச்சி. இறக்கையின் நடுவே அகலமான வெள்ளைப் பட்டையும், வெள்ளை வாலின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையும் இருக்கும். தலையும் கழுத்தும் முழுக்கக் கறுப்பாக இருந்து, வயிறு மட்டும் வெளுத்திருந்தால் அது மலபார் கறுப்பு வெள்ளை இருவாச்சி. பெரியதைவிட உருவில் சிறியது. மழைக்காட்டைவிட, அடிவாரத்து இலையுதிர் காடுகளையும் ஆற்றோர மரங்களையும் விரும்புவது. முதுமலைப் பக்கம் போனால் தேடிப் பாருங்கள்.

சாம்பல் நிறப் பறவையா? அப்படியானால், 'அலகின் மேல் கொண்டை இருக்கிறதா?' என்று கேளுங்கள். சிறிய கூரான கொண்டை இருந்தால் அது சாதாரணச் சாம்பல் இருவாச்சி. நீண்ட வால், அதன் நுனியில் வெள்ளை. வறண்ட காடுகளிலும், ஆலமரமும் அத்திமரமும் உள்ள ஊர்ப்புறங்களிலும் வாழும். கொண்டையே இல்லாவிட்டால் அது மலபார் சாம்பல் இருவாச்சி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மட்டும்தான் இதைப் பார்க்க முடியும். யாரோ காட்டுக்குள் நின்று பெரிதாகச் சிரிப்பது போல அதன் குரல் கேட்கும். முதல் முறை கேட்பவர்கள் பயந்துபோவதும் உண்டு.

பெரிய இருவாச்சியில் ஆணையும் பெண்ணையும்கூடக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆணின் கண் சிவப்பு. பெண்ணின் கண் வெள்ளை.

கழுத்திலும் இறக்கையிலும் தெரியும் மஞ்சள் நிறம், உண்மையில் ஒரு பூச்சு! வாலின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் எண்ணெயை இப்பறவை அலகால் எடுத்து இறகுகளில் பூசிக்கொள்கிறது. வெள்ளை இறகு மஞ்சளாகத் தெரிவது அதனால்தான்.

வாசலை அடைக்கும் தாய்

இருவாச்சியின் குடும்ப வாழ்க்கை விந்தையானது. மரங்கொத்தியைப் போல அதற்கு மரத்தைக் குடையத் தெரியாது. கிளை முறிந்தோ உளுத்தோ இயற்கையாக உண்டான பொந்தைத்தான் அது தேட வேண்டும். இவ்வளவு பெரிய பறவை நுழையும் பொந்து எந்த மரத்தில் இருக்கும்? மிக முதிர்ந்த, பருத்த மரத்தில்தான்.

ஆனைமலைப் பகுதியில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெண் பறவை பொந்துக்குள் நுழையும். தன் எச்சத்தைக் கொண்டே வாசலை உள்ளிருந்து பூசி அடைக்கும். அலகின் நுனி மட்டும் வெளியே நீளும் அளவுக்கு ஒரு கீறல் போன்ற இடைவெளியை விட்டுவைக்கும். ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இட்டு, சுமார் 40 நாட்கள் அடைகாக்கும். பாம்போ மரநாயோ எளிதில் உள்ளே நுழைய முடியாது.

சாப்பாடு? அது ஆணின் பொறுப்பு. ஆல், அத்தி வகைப் பழங்களைத் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே கொணர்ந்து, அந்தக் கீறல் வழியாக ஊட்டும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஆணோடு சேர்ந்து இரை தேடும். உள்ளே இருக்கும் குஞ்சு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, வாசலைத் தானே மறுபடியும் அடைத்துக்கொள்ளும்! முதல் நாளிலிருந்து குஞ்சு பறந்து வெளியேறும் வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சிட்டுக்குருவி ஓர் ஆண்டிலேயே பலமுறை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். பெரிய இருவாச்சி ஜோடிக்கு ஓராண்டு முழுவதும் பாடுபட்டால் பெரும்பாலும் ஒரே குஞ்சு. அதுவும் எல்லா ஆண்டும் தவறாமல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நான்கு மாதத்துக்குள் ஆண் பறவையை ஒருவன் சுட்டுவிட்டால் என்ன ஆகும்? தாய் ஒருவேளை வெளியேறித் தப்பலாம். குஞ்சு பிழைப்பது அரிது. ஒரே குண்டு, ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டு முயற்சி முழுவதையும் அழித்துவிடுகிறது.

ஏன் குறைகிறது?

வேட்டை ஒரு காரணம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடை செய்கிறது. அதைவிடப் பெரிய காரணம் காடு துண்டு துண்டானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆனைமலையின் உச்சிப் பகுதிகளில் மழைக்காடு வெட்டப்பட்டுத் தேயிலையும் காப்பியும் வந்தன. மீதமுள்ள காட்டிலும் முதிர்ந்த மரம் ஒன்று விழுந்தால், அடுத்த பொந்து உருவாக ஒரு மனிதனின் ஆயுளைவிட அதிக காலம் வேண்டும்.

2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பெரிய இருவாச்சியை 'அழிவாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் சேர்த்தது. இரண்டே ஆண்டுகளில், 2020இல், மலபார் சாம்பல் இருவாச்சியும் அதே பட்டியலுக்கு வந்துவிட்டது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இருவாச்சி பழத்தை முழுதாக விழுங்கி, விதையைச் சேதமில்லாமல் தாய்மரத்திலிருந்து வெகுதூரத்தில் போடுகிறது. பெரிய விதையுள்ள காட்டுமரங்களின் பழத்தை விழுங்கும் அளவுக்கு அகன்ற வாய் கொண்ட பறவைகள் மிகச் சிலவே. பறவை போனால் மரம் குறையும். மரம் குறைந்தால் பொந்து குறையும். பொந்து குறைந்தால் பறவை இன்னும் குறையும். இந்தச் சக்கரம் சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கேரளத்தின் வாழச்சால் காடுகளில், இருவாச்சிக் கூடுகளை நன்கு அறிந்தவர்கள் காடர் பழங்குடியினர். முன்பு கூட்டிலிருந்து குஞ்சை எடுத்தவர்களும் அவர்களில் இருந்தனர். இன்று அதே அறிவைக் கொண்டு கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்களும் அவர்களே.

உங்கள் நோட்டுப் புத்தகம்

இதில் மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது என்ன? 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 942 வகைப் பறவைகளை ஆராய்ந்து, அவற்றில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்று அது கூறியது. அதற்கான தகவலைத் தந்தவர்கள் சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள். அவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர்களும் அவர்களில் உண்டு. இருவாச்சிகளுக்கென்றே 2014இல் 'ஹார்ன்பில் வாட்ச்' என்ற பதிவேடும் இணையத்தில் தொடங்கப்பட்டது.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கலாம். தேதி, நேரம், இடம், எத்தனை பறவை, ஆணா பெண்ணா, எந்த மரத்தில் என்ன பழம் தின்றது. சமவெளியில் இருப்பவர்கள் ஏமாற வேண்டியதில்லை. ஊர்க்கோடி ஆலமரம் பழுக்கும்போது காலையில் போய்ப் பாருங்கள். சாதாரணச் சாம்பல் இருவாச்சி வந்தாலும் வரலாம். பருந்து போலக் கிறீச்சிடும். பார்க்காத நாளையும் 'இல்லை' என்று எழுதுங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த 'இல்லை'யும் ஒரு தகவல்தான். உங்கள் தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் சிறுவயதில் எங்கே பார்த்தார்கள் என்பதைத் தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கூடு இருக்கும் மரத்தைக் கண்டால் அங்கே நிற்காமல் விலகி வந்துவிடுங்கள். கூட்டின் இடத்தை எல்லோருக்கும் சொல்லவும் வேண்டாம். நீங்கள் மரத்தடியில் நிற்கும் வரை, தொண்டை நிறையப் பழத்தோடு ஆண் பறவை எங்கோ ஒரு கிளையில் காத்துக்கொண்டிருக்கும். உள்ளே, அந்தக் கீறலுக்குப் பின்னால், ஒரு தாயும் காத்துக்கொண்டிருக்கும்.