பச்சை மரமும் உள்ளழுகலும்

பெங்களூரில் குடியேறிய நம்மில் பலர், கோடை மழைக்கு மறுநாள் காலையில், தழைத்து நின்ற பெருமரம் ஒன்று சாலையின் குறுக்கே சாய்ந்து கிடப்பதைக் கண்டிருப்போம். இலைகள் பச்சையாகவே இருக்கும். முறிந்த இடத்தை நோக்கினாலோ, வைரம் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு போன்ற மட்கே காணப்படும். காற்று வீழ்த்திற்று என்போம். பல ஆண்டுகளுக்கு முன்பே அவ்வேலையைத் தொடங்கியது ஒரு காளான்.

மரத்தில் நீர் ஏறுவது பட்டையை அடுத்துள்ள இளமரத்தின் வழியே. நடுவிலுள்ள வைரம் உயிரற்றது. மரத்தைத் தாங்குவதே அதன் பணி. முறிந்த கிளையின் புண்ணிலோ, அறுபட்ட வேரிலோ காளானின் நுண்வித்து விழுந்தால், அது மெல்லிய இழைகளாக உள்ளே பரவுகிறது. மரத்திற்கு உறுதி தருவன செல்லுலோஸ், லிக்னின் என்னும் பொருள்கள். சில காளான்கள் செல்லுலோஸை உண்டு, மரத்தைப் பழுப்பாக நொறுங்கச் செய்யும். வேறு சில லிக்னினையும் சிதைத்து, வெளிறிய நாராக்கிவிடும். இளமரம் பிழைத்திருக்குமளவும் இலை துளிர்க்கும். ஆதலால் பசுமை வலிமைக்குச் சான்றாகாது. அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான் தோன்றுவது நோயின் தொடக்கமன்று. நெடுநாள் அழிவின் அறிவிப்பாகும்.

1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் நம் தஞ்சைத் தென்னைகளில் காணப்பட்ட 'தஞ்சாவூர் வாடல் நோய்'க்குக் காரணமான கானோடெர்மாவும் இவ்வினத்ததே. அவுரா தாவரவியல் பூங்காவின் பேராலமரம் 1864, 1867ஆம் ஆண்டுப் புயல்களில் கிளை முறிந்து, காளான் பற்றி, 1925இல் நடு அடிமரத்தையே இழந்தது. பெங்களூரை அடுத்த ராமோஹள்ளி ஆலமரமும் நோயால் நடு அடிமரத்தை இழந்ததே. எனினும் இரண்டும் விழுதுகளை ஊன்றி வாழ்கின்றன.

நம் தெருவின் தூங்குமூஞ்சி மரத்திற்கும் செம்மயிற்கொன்றைக்கும் தாங்க விழுதுகள் இல்லை. அவற்றின் புண்களில் பலவும் நாம் செய்தவையே. விளம்பரப் பலகைக்கு ஆணி அறைகிறோம். குழாய் பதிக்க வேரை வெட்டுகிறோம். அடிமரம் வரை சிமெண்டு பூசுகிறோம். இவற்றைத் தவிர்த்தல் வேண்டும். கிளையைக் கழிக்க நேரின், பட்டை கிழியாமல், அதன் அடிமேட்டை ஒட்டி அறுத்தல் நன்று. அப்பொழுது மரம் தானே புண்ணை மூடிக்கொள்ளும்.

பொந்துள்ள மரமெல்லாம் வெட்டத் தக்கதன்று. சுற்றிலும் உறுதியான மரம் போதிய அளவு இருப்பின் அது நெடுங்காலம் நிற்கும். கிளிக்கும் ஆந்தைக்கும் வீடாகும். எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறிந்தோர் சோதித்தல் வேண்டும். தட்டுக் காளானைக் கண்டால், அம்மரத்தடியில் வண்டியை நிறுத்தாமல், நகர ஆட்சியின் மரப் பிரிவுக்குத் தெரிவிப்போமாக. வந்த ஊரில் நமக்கு நிழல் தந்த மரத்திற்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அது.